துணித் துண்டிலிருந்து காட்சிக்கூடம் வரை: மலையகத்தில் கோல அரூப ஓவியம் வரையத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய துணிகளைச் சேகரித்து, அவற்றை ஒட்டித் தைக்கும் போர்வைகளில் காணப்படும் சதுரங்களையும் முக்கோணங்களையும் கன்வஸில் அரூப ஓவியமாக விரிக்கும் முறையில் நான் சில காலமாக வேலை செய்து வருகிறேன். கோலம் என்று இங்கே நான் சொல்வது வாசலில் போடும் கோலத்தை அன்று, வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும் அமைப்பையே. வரைவது ஒரு பாடு என்றால், வரைந்ததை ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கொழும்பிலுள்ள ஒரு சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு பாடு. எந்தக் கடிதம் எங்கே வேண்டும், எந்த மாதத்தில் எந்த வேலையைத் தொடங்க வேண்டும், பணம் எந்த ஓட்டையால் ஒழுகுகிறது என்பவற்றையெல்லாம் ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் அறிய வேண்டியிருந்தது. அடுத்து வருபவர் அவ்வாறு அலையக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். நிறமும் கோடும் ஓரளவு கைவந்த, ஆனால் இந்த வகை வேலைக்கும் கண்காட்சிக்கும் புதியவராக உங்களைக் கருதிக்கொள்கிறேன்.

1. தூரிகைக்கு முன் பதிவேடு

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாப் படிகளையும் நீங்கள் மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். ஏனெனில் சேகரிப்பிலிருந்து பிறக்கும் ஓவியத்திற்கு அதன் சேகரிப்பே அடித்தளம். காட்சிக்கூடத்தார் கேட்கும் கேள்விகளில் பாதி உங்கள் நிறத்தைப் பற்றியதாக இராமல், துணி எங்கிருந்து வந்தது, யார் தந்தார், அவருக்குத் தெரியுமா என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஒவ்வொரு துணிக்கும் ஒரு தொடர் எண் கொடுத்து, ஒரு சிறு துணுக்கைப் பக்கத்தில் ஊசியால் குத்தி வைத்து, பின்வருவனவற்றை எழுதுங்கள்: கிடைத்த திகதி, தந்தவர், தோட்டமும் பிரிவும், அத்துணி முன்பு எதுவாக இருந்தது (சேலை, ஏணைத் துணி, கம்பளி, பாடசாலைச் சீருடை, கொழுந்து பறிப்பவர் இடுப்பில் கட்டும் படங்கு), நீள அகலம், அதன் கோலத்தின் பருமட்டான வரைபடம், அது பின்னர் எந்த ஓவியத்துக்குள் சென்றது. கடைசிக் கட்டத்தை ஓவியம் முடிந்த அன்றே நிரப்ப வேண்டும். தள்ளிப்போட்டால், ஒரே சிவப்பு நான்கு துணிகளில் இருக்கும்போது எது எதற்குள் போனது என்று எவராலும் சொல்ல முடியாது.

துணி தருபவரிடம் அரைப் பக்கத்தில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரையோ சட்டத்தரணியோ தேவையில்லை. தமிழில், அவர் வாசித்து அல்லது வாசிக்கக் கேட்டுக் கையொப்பமிட்டால் போதும். அதில் நான்கு விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். துணி அன்பளிப்பா இரவலா, அவருடைய பெயரைக் காட்சியில் குறிப்பிடலாமா, கோலத்தை ஓவியத்தில் பயன்படுத்தலாமா, ஓவியம் விற்றால் அவருக்கு ஏதேனும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா என்பவையே அவை. நான்காவதைப் பற்றிப் பேசாமல் விடுவதே பின்னாளில் மனக்கசப்புக்குக் காரணமாகிறது. லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் அக்காவிடம் போய்க் கடிதம் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். எனினும், படம் பத்திரிகையில் வந்த பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம்.

தைத்து முடிக்கப்பட்ட ஒரு போர்வையையே பார்த்து வரைவதாயின் கூடுதல் கவனம் வேண்டும். அதனைத் தைத்தவர் உயிரோடிருந்து, அமைப்பும் அவருடைய சொந்த யோசனையாக இருந்தால், அதுவும் ஓர் ஆக்கமே. அனுமதி பெறுவதோடு நிற்காமல், ஓவியத்தின் விவரச் சீட்டில் அவர் பெயரையும் எழுதுங்கள்.

சேகரிப்பில் இன்னும் சில பொறிகள் உண்டு. பழைய சம்பளத் துண்டுகளை ஒட்ட விரும்புவோர், அவற்றில் வேறொருவருடைய பெயரும் சேமலாப நிதி இலக்கமும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அவற்றை மறைத்து அல்லது வெட்டி நீக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். தேயிலைப் பெட்டிகளில் தோட்டப் பெயரை அச்சிடப் பயன்பட்ட தகட்டு அச்சுகள் பார்ப்பதற்கு மிக அழகானவை, ஆனால் அவை தொழிற்சாலையின் சொத்து. முகாமையாளரின் எழுத்து அனுமதியின்றி எடுத்து வராதீர்கள். வாளேந்திய சிங்கத்துடன் கூடிய சிலோன் டீ இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபையின் பதிவுசெய்யப்பட்ட வணிகக் குறியாகும். அதைக் கோலமாக அடுக்கிப் பைகளிலும் அட்டைகளிலும் அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் சபையிடம் எழுதிக் கேளுங்கள். மிகப் பழைய துணியையோ உலோகப் பொருளையோ ஓவியத்தில் பதித்து வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணினால், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார சொத்துக்கள் சட்டம் குறுக்கே வரக்கூடும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டிய பொருளா என்பதை ஒட்டுவதற்கு முன் கேட்டறிய வேண்டும், ஒட்டிய பின் பிரிக்க முடியாது.

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, மின்னஞ்சலிலும் வேறொரு ஊரில் இருக்கும் உறவினரிடமும் ஒவ்வொரு பிரதி வைத்திருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

2. துணியைத் தேடுதலும் தேர்தலும்

தையல்காரரிடம் வெட்டுத்துணி எப்போதும் இருக்கும், பெரும்பாலும் இலவசமாகவே தருவார். நகரத்துக் கட்பீஸ் கடைகளில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அங்கு கிடைப்பது கதையில்லாத துணி. ஆடைத் தொழிற்சாலைக் கழிவுத் துணி கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைத்தாலும், அதில் பெரும்பகுதி இழுபடும் பின்னல் துணியாக இருப்பதால் கன்வஸில் ஒட்டினால் சுருங்கி மடிப்பு விழும். ஓவியத்திற்குள் ஒட்டப் போகும் துணி நெய்த பருத்தியாக இருத்தல் நலம். பார்த்து வரைய மட்டும் எனில் எதுவும் ஆகும்.

ஒட்டுவதற்கு முன் சாயம் ஓடுகிறதா என்று பாருங்கள். துணியின் ஓரத்தை நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியால் அழுத்தி, அப்படியே உலர விட்டால் தெரிந்துவிடும். சிவப்பும் கருநீலமும் அதிகம் ஏமாற்றும். பூச்சி இருக்கலாம் என்ற ஐயமிருந்தால், காற்றுப் புகாத பையில் இட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரங்கள் வைத்தெடுக்கலாம். ஒட்டுவதற்கு மாப் பசையை நாட வேண்டாம். எங்களுடைய ஈரக் காற்றில் அது பூஞ்சணத்தையும் வெள்ளிப் பூச்சியையும் விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். அக்ரிலிக் மீடியமே (நிறம் கலவாத அக்ரிலிக் குழம்பு) பாதுகாப்பானது.

3. கட்டம் போடுதல்

தொடங்குவதற்கு மூன்று அமைப்புகள் போதுமானவை. முதலாவது மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள் சேரும் ‘நைன் பேட்ச்’. இரண்டாவது, சதுரத்தை மூலைவிட்டத்தில் பிரித்து இரு முக்கோணங்களாக்கி, ஒன்றை வெளிர் நிறத்திலும் மற்றதைக் கடும் நிறத்திலும் நிரப்புவது. மூன்றாவது, நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டிகளை அடுக்கிக்கொண்டே போகும் ‘லொக் கேபின்’; இதில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் வெளிராகவும் மற்ற இரண்டும் கடுமையாகவும் இருப்பதால், பல கட்டங்களைச் சேர்க்கும்போது மூலைவிட்டமாக ஒளியும் நிழலும் தானாகவே எழும்.

கன்வஸின் அளவு கட்டத்தின் அளவால் மீதியின்றி வகுபட வேண்டும். 36 அங்குலத்துக்கு 48 அங்குலக் கன்வஸில் 4 அங்குலச் சதுரம் என்றால் 9க்கு 12 ஆக 108 சதுரங்கள். 3 அங்குலம் என்றால் 12க்கு 16 ஆக 192 சதுரங்கள். ஓர் அங்குலம் குறைந்ததால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாவதை இங்கேயே கவனியுங்கள். ‘நைன் பேட்ச்’ போடுவதாயின் 4 அங்குலச் சதுரம் சரியாக 12 முழுக் கட்டங்களைத் தரும்.

தையல் நூல்களிலிருந்து அளவெடுப்பவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று உண்டு. தையலில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் உள்ளே மடிந்து மறையும் என்பதால், 3 அங்குலச் சதுரத்துக்கு 3½ அங்குலம் வெட்டச் சொல்லியிருப்பார்கள். ஓவியத்தில் மடிப்பு இல்லை. எனவே வெட்டும் அளவை விட்டுவிட்டு, தைத்து முடிந்தபின் வரும் அளவையே எடுக்க வேண்டும்.

நிறத்தை முடிவு செய்யும் முன் துணித் துண்டுகளைத் தரையில் பரப்பி, கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். வண்ணத்தில் பளிச்சென்று வேறுபட்ட பச்சையும் சிவப்பும் அதில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், கோலம் கன்வஸில் கரைந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எல்லாக் கட்டங்களையும் பிசகின்றி நிரப்பிய ஓவியம், என் கண்ணுக்கு, குளியலறைத் தரையைப் போலவே இருக்கிறது. போர்வை தைப்பவருக்குக் குறிப்பிட்ட துணி பாதியில் தீர்ந்துவிட்டால், கிட்டத்தட்ட அதே நிறத்தில் இன்னொன்றை வைத்துத் தொடர்வார். பார்வையாளர் கண் நிற்பது அந்த இடத்தில்தான். உங்கள் பதிவேட்டில் எந்தத் துணி எவ்வளவு நீளம் இருந்தது என்று இருக்கிறதே, ஓவியத்திலும் அந்த நிறத்தை அந்த அளவோடு நிறுத்திப் பாருங்கள்.

4. மலைக் காலநிலையில் நிறம் பூசுதல்

அக்ரிலிக் நிறம் உலர்வது நீர் ஆவியாவதால் மட்டுமன்று. அதிலுள்ள பொலிமர் துணிக்கைகள் ஒன்றோடொன்று உருகி இணைந்து படலமாக வேண்டும். ஏறக்குறைய 9 அல்லது 10 பாகை செல்சியசுக்குக் கீழே அந்த இணைவு சரியாக நிகழாது. மேலே உலர்ந்ததாகத் தோன்றினாலும் படலம் பலவீனமாகி, பின்னாளில் வெடிக்கவோ பொடியாகவோ கூடும். 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புற்களில் பனி உறைவதுண்டு. ஆகவே அம்மாதங்களில் காலை பத்து மணிக்குப் பின் தொடங்கி மாலை மூன்று மணிக்குள் பூச்சை முடித்து, இரவில் ஓவியத்தை இஸ்தோப்பில் வைக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள்.

மழையைப் பொறுத்தவரை மலையகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை; அங்கு பகல் வெயில் தரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே பூச்சுக்கு உகந்த காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை கூடுதல். அவர்களுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரையான காலம் நல்லது. மழை மாதங்களைச் சேகரிப்புக்கும் பதிவேட்டுக்கும் வரைபடத் தாளுக்கும் ஒதுக்குங்கள்.

கூர்மையான விளிம்புக்கு ஒட்டும் நாடா பயன்படுத்துவோர், நாடாவை ஒட்டியதும் அதன் ஓரத்தில் அடியிலிருக்கும் நிறத்தையே ஒருமுறை மெல்லப் பூசி உலர விட்டு, அதன்மேல் புதிய நிறத்தைப் பூச வேண்டும். அப்போது கசிவது அடி நிறமாகவே இருக்கும், கோடு சுத்தமாக வரும். மேற்பூச்சு முழுதும் இறுகும் முன் நாடாவை உரித்துவிடுங்கள். கன்வஸ் ஈரத்தில் தொய்ந்து வெயிலில் இறுகுவது இங்கு வழமை என்பதால், சட்டத்தின் பின் மூலைகளில் இறுக்கும் ஆப்பு உள்ளதாகவே வாங்குங்கள். ஆணியால் நிலையாக அடித்த சட்டம் மலிவு, ஆனால் தொய்வை நேராக்க வழியில்லை.

5. செலவும் விலையும்

பொருள்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், கன்வஸ், சட்டம், அக்ரிலிக் மூன்றுக்கும் கண்டியில் ஒரு கடையிலும் கொழும்பில் ஒரு கடையிலும் எழுத்தில் விலை கேட்டு, கொழும்பு விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கன்வஸைச் சுருளாக வாங்கி, சட்டத்தை உள்ளூர்த் தச்சரிடம் செய்விப்பது பெரும்பாலும் சிக்கனமானது. மரம் நன்கு உலர்ந்ததா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பச்சை மரம் ஒரு மழைக்காலத்திலேயே முறுகிவிடும்.

செலவை இரண்டு பட்டியலாக எழுதுங்கள். ஓர் ஓவியத்துக்கு மட்டும் உரிய செலவு ஒன்று: கன்வஸ், சட்டம், நிறம், வெளிச்சட்டகம், பொதி, போக்குவரத்து. முழுத் தொகுதிக்கும் உரியது மற்றொன்று: விண்ணப்பம், புகைப்படம், அச்சிடல், பயணம், தங்குமிடம். இரண்டாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, கைப்பணம் கரைவதோ அதில்தான்.

விலையிடுவதற்குச் சதுர அங்குல முறை எளிது. கணக்குக்காக, சதுர அங்குலத்துக்கு 40 ரூபா என வைத்துக்கொண்டால், 36க்கு 48 ஓவியத்தின் பரப்பு 1,728 சதுர அங்குலம், விலை 69,120 ரூபா. காட்சிக்கூடங்கள் விற்பனையில் 30 முதல் 50 வீதம் வரை தரகுக் கழிவு எடுப்பது வழக்கம். 40 வீதம் என்றால் 27,648 ரூபா கழிந்து, 41,472 ரூபா உங்களிடம் வரும். பொருளும் சட்டகமும் போக்குவரத்தும் 22,000 ரூபா ஆகியிருந்தால், உங்கள் உழைப்புக்கு மிஞ்சுவது 19,472 ரூபா. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்த பிறகே 40 ரூபா சரியா என்று முடிவெடுங்கள். இதே வீதத்தில் 12க்கு 16 ஓவியம் 7,680 ரூபா மட்டுமே பெறும், அது சட்டகச் செலவுக்கே போதாது. சிறிய ஓவியங்களுக்கு ஒரு குறைந்தபட்ச விலையைத் தனியாக நிர்ணயிக்க வேண்டும்.

வீட்டில் ஒரு விலை, காட்சிக்கூடத்தில் ஒரு விலை என்று வைக்காதீர்கள். கொழும்பில் பார்த்தவர் உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, குறைந்த விலைக்கு நேரடியாக வாங்கியது தெரியவந்தால், அந்தக் கூடம் உங்களுக்கு மீண்டும் கதவு திறக்காது.

6. ஆவணக் கோப்பு

மலையகத்தவருக்கு மிகுந்த காலம் பிடிக்கும் படி இதுவே. ஓவியம் முடிந்த பின் இதனைத் தொடங்காமல், பதிவேட்டைத் தொடங்கும் மாதத்திலேயே தொடங்குங்கள்.

பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பனார் பெயர் ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருப்பதும், சிங்களத்தில் எழுதப்பட்ட பெயர் ஆங்கிலத்துக்கு வரும்போது வேறொன்றாவதும் எங்கள் மத்தியில் சாதாரணம். விற்ற பணத்துக்கான காசோலை ஓவியத்தில் கையொப்பமிட்ட பெயருக்கு எழுதப்பட்டு, வங்கி அதனை ஏற்க மறுக்கும்போதுதான் இது பெரிய விடயமாகும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதன் பிரதிகளைக் கோப்பில் வையுங்கள். கலைப் பெயரில் கையொப்பமிடுவோர் அப்பெயரையும் அதே கடதாசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது முகவரி. லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் இறங்கி, யாராவது எடுத்து வரும் வரை அங்கேயே கிடக்கும். தேர்வுக் கடிதத்தில் பதிலுக்குரிய இறுதித் திகதி இருந்தால், கடிதம் கைக்கு வரும்போது அந்தத் திகதி கடந்திருக்கும். நகரத்தில் கடையோ வீடோ வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவரின் முகவரியை ‘பராமரிப்பு’ என்று குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள். மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுங்கள். வதிவிடச் சான்று கேட்டால் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் வேண்டும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாள்களைத் தொலைபேசியில் கேட்டறிந்து செல்லுங்கள், களப்பணி நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புவோர் அநேகர்.

உங்கள் சொந்தப் பெயரில் சில ஓவியங்களை விற்பதற்கு வியாபாரப் பெயர்ப் பதிவில் அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கலைக்கூடப் பெயரில் பற்றுச்சீட்டு வழங்க நினைத்தால் பிரதேச செயலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கு அடையாள அட்டைப் பிரதியோடும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடும் இடத்துக்கான உறுதி அல்லது குத்தகைப் பத்திரமும் கேட்பார்கள். லயத்து வீட்டுக்கு உறுதி கிடையாது என்பதால், அவ்விடத்தைப் பயன்படுத்தத் தடையில்லை என்று தோட்ட முகாமையின் கடிதம் ஒன்றை ஏற்பார்களா என முன்கூட்டியே கேட்டு, ஏற்பதாகச் சொன்னால் மட்டும் அக்கடிதத்துக்கு அலையுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை இணையவழியிலேயே கட்டணமின்றிப் பெறலாம். பணம் வாங்கிக்கொண்டு ‘செய்து தருகிறோம்’ என்போரிடம் போக வேண்டாம்.

ஓவியப் படங்களுக்கு வாடகைக் கமெரா தேவையில்லை. மேகம் மூடிய முற்பகலில், ஓவியத்தைச் சுவரில் நேராக மாட்டி, கமெராவை அதன் நடு உயரத்தில் வைத்து எடுங்கள். நேர் வெயிலில் வரும் பளபளப்பு அந்த மூட்டத்தில் வராது, ஆதலால் எங்கள் மழைக்காலம் இதற்காவது உதவுகிறது. நீண்ட பக்கம் குறைந்தது 3,000 படப்புள்ளிகள் இருந்தால் அங்குலத்துக்கு 300 என்ற தரத்தில் 10 அங்குலம் அச்சிடலாம். அளவை எழுதும்போது உயரம் முதலிலும் அகலம் பின்பும் வருவதே காட்சிக்கூட வழக்கு. 36 அங்குல உயரமும் 48 அங்குல அகலமும் என்றால் 91.4 × 121.9 சென்ரிமீற்றர்.

கலைஞர் கூற்றை, அதாவது உங்கள் வேலையைப் பற்றி நீங்களே எழுதும் குறிப்பை, முதலில் தமிழில், 150 முதல் 200 சொற்களுக்குள் எழுதுங்கள். பிறகே ஆங்கிலத்துக்குப் போங்கள். ‘கலாசாரத்தின் இழைகள்’ போன்ற பொதுச் சொற்களை எடுத்துவிட்டு, பதிவேட்டிலிருந்து மூன்று பதிவுகளை அப்படியே பயன்படுத்தினால் கூற்று தானாக உயிர்பெறும். உங்கள் வேலை யாருடைய வேலைக்கு அருகில் நிற்கிறது என்று நேர்காணலில் கேட்பார்கள். ஓவியர் சோனியா டெலோனே 1911இல் தம் குழந்தைக்காகத் துணித் துண்டுகளால் தைத்த போர்வை, அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் பெண்கள் தைத்து 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஏறிய போர்வைகள், 1964இல் பெயார்ஃபுட் நிறுவனத்தைத் தொடங்கிய பாபரா சன்சோனியின் கைத்தறிப் பட்டிகள் ஆகிய மூன்றையும் இணையத்தில் நிதானமாகப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லுங்கள், அவர்களுடைய தாக்கம் இல்லாத இடத்தில் தாக்கம் என்று எழுத வேண்டாம்.

7. எங்கே, எப்போது

முதற்காட்சியை ஊரிலேயே வைப்பதே என் ஆலோசனை. பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து, கலாசார நிலையமோ நகர சபை மண்டபமோ கிடைக்குமா என்று கேளுங்கள். அரச சித்திர, சிற்பப் போட்டிகளுக்கான அறிவித்தல்களும் அவரிடமே முதலில் வரும். மண்டபத்துக்கு வாடகை ஒன்று, மீளக்கிடைக்கும் வைப்புப் பணம் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சுவரில் ஆணி அடிக்க அனுமதியுண்டா என்பதை எழுத்தில் பெறாவிட்டால், வைப்புப் பணம் அந்த ஆணித் துளைகளுக்கே போய்விடும். துணி தந்தவர்கள் பஸ்ஸேறாமல் வந்து பார்க்கக்கூடிய ஒரே காட்சி இதுவாகவும் இருக்கக்கூடும்.

கொழும்பில், புதியவருக்கு மிகவும் திறந்த கதவு ‘கலா பொல’ என்னும் திறந்தவெளிச் சித்திரச் சந்தை. அதனை 1993இல் தொடங்கியது ஜோர்ஜ் கீற் மன்றம். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், வழக்கமாக ஆண்டின் முதல் மாதங்களில் நடைபெறும். விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்னரே கோரப்படும் என்பதால் ஓகஸ்ட் முதல் அறிவித்தல்களைக் கவனித்து வாருங்கள். அங்கே கடும் வெயில், திடீர் மழை இரண்டுக்கும் விரிப்பு கொண்டுசெல்லுங்கள். கைத்தொலைபேசியால் பணம் செலுத்த உதவும் லங்கா கியூஆர் குறியீட்டை வங்கியில் பெற்று அச்சிட்டு வைத்திருந்தால், ‘காசில்லையே’ என்று நகர்பவர் நிற்பார்.

தனியார் காட்சிக்கூடங்கள், உதாரணமாகப் பெயார்ஃபுட் காட்சிக்கூடம், சஸ்கியா பெர்னாண்டோ காட்சிக்கூடம் போன்றவை, தமது ஆண்டு நிகழ்ச்சி நிரலை வெகு முன்னரே அமைத்துவிடுவன. எட்டு முதல் பன்னிரண்டு படங்கள், விலையுடன் கூடிய பட்டியல், கூற்று, ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பாக அனுப்பி, பதில் இல்லையெனில் ஒரு மாதம் விட்டு ஒருமுறை நினைவூட்டுங்கள். அசல் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு முன்னறிவிப்பின்றிப் போக வேண்டாம். லயனல் வென்ட் போன்ற வாடகைக்கு விடும் கூடங்களில் தேர்வுச் சிக்கல் குறைவு, ஆனால் வாடகை, அழைப்பிதழ், ஆள் கூலி முழுதும் உங்கள் தலையில்.

8. ஒப்பந்தம்

ஓவியத்தைக் கையளிக்கும் நாளில், எண், தலைப்பு, அளவு, விலை, நிலை ஆகியவற்றைக் குறிப்பிட்ட பட்டியல் ஒன்றில் இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். தரகு வீதம், தள்ளுபடி கொடுத்தால் அது யாருடைய பங்கிலிருந்து போகிறது, விற்ற பின் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, விற்காதவற்றை மீட்கும் திகதியும் செலவும் என்ற ஐந்தும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் தந்தால் வீட்டுக்கு எடுத்துச்சென்று வாசிக்க அவகாசம் கேளுங்கள். வாய்மொழியாக ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற ஓரிடத்தில் என் பணம் மிகத் தாமதமாகவே வந்தது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. வரைந்த உடனேயே அது உங்களுக்கு உரியதாகி, உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். கன்வஸை விற்பதால் கோலத்தை அச்சிடும் உரிமை வாங்குபவருக்குப் போய்விடாது. கோல ஓவியங்களைத் துணியிலும் அட்டையிலும் அச்சிடுவது இலகு என்பதால், இந்த ஒரு வரியைப் பற்றுச்சீட்டிலேயே அச்சிட்டு வையுங்கள்.

9. கொண்டுசெல்லுதலும் அனுப்புதலும்

36க்கு 48 அங்குல ஓவியம் பஸ்ஸின் பொருள் தட்டில் ஏறாது. வான் வாடகை கட்டுப்படியாகாவிட்டால், தொடக்கத்திலேயே 24க்கு 36 அங்குலப் பலகைகளாக வரைந்து சுவரில் அருகருகே மாட்டும்படி திட்டமிடுங்கள். கட்ட அமைப்புக்கு இது இயல்பாகவே பொருந்தும். சுருட்டி அனுப்புவதாயின் நிறப் பக்கம் வெளியே இருக்க, அகன்ற குழாயில் தளர்வாகச் சுருட்டுங்கள். குளிர்ந்த அதிகாலையில் சுருட்ட வேண்டாம், அக்ரிலிக் குளிரில் விறைத்து வெடிக்கும்.

குமிழிப் பிளாஸ்ரிக்கை நிறத்தின்மேல் நேரடியாகச் சுற்றவே கூடாது. நுவரெலியாவில் கெட்டியாக இருக்கும் அக்ரிலிக், அவிசாவளையைத் தாண்டியதும் வெப்பத்தில் இளகி, ஒவ்வொரு குமிழியின் வட்டத்தையும் பதித்துக்கொள்ளும். கிளாசின் தாளோ (வழவழப்பான மெல்லிய தாள்) சிலிக்கன் பூசிய தாளோ முதலில், குமிழி அதன்மேல்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பொதியின் விவரத்தில், ஒட்டுத் துணிப் போர்வையைக் குறிக்கும் ‘குயில்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதாதீர்கள். அச்சொல்லைக் கண்ட சுங்க உத்தியோகத்தர் பொதியைச் சுங்க வகைப்பாட்டில் 9404 என்ற படுக்கைப் பொருள்களின் தலைப்பின்கீழ் நிறுத்தி, அதற்குரிய தீர்வையைக் கேட்கலாம். ‘கையால் வரையப்பட்ட அசல் ஓவியம், கன்வஸில் அக்ரிலிக்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓவியங்களுக்குரிய 9701 என்ற தலைப்பைக் குறிப்பிடுங்கள். துணி ஒட்டியிருந்தால் ‘கொலாஜ்’ (ஒட்டுச் சித்திரம்) என்று சேர்த்தாலும் அது 9701இற்குள்ளேயே வரும். தபால் வழியே அனுப்பினால் பெறுமதிக்கேற்ப சீஎன் 22 அல்லது சீஎன் 23 என்ற சுங்கப் பிரகடனப் படிவம் தருவார்கள். படிவத்திலுள்ள பெறுமதியும் உங்கள் பற்றுச்சீட்டிலுள்ள விலையும் ஒன்றாக இருக்க வேண்டும், வாங்கியவர் குறைத்து எழுதச் சொன்னாலும் இணங்காதீர்கள். பொதி தொலைந்தால் நட்டஈடு அந்த எழுதிய தொகையை மீறாது. படிவப் பிரதி, பற்றுச்சீட்டு, பொதி கட்டும்போது எடுத்த படங்கள் ஆகியவற்றைப் பதிவேட்டில் அவ்வோவியத்தின் பக்கத்திலேயே செருகி, ஓவியம் கிடைத்துவிட்டதென்று வாங்கியவர் எழுத்தில் அறிவிக்கும் வரை எடுக்காமல் வைத்திருங்கள்.